சீல் குத்திய உறை

ஜூன் 12

அன்புள்ள வாலுவுக்கு,

சித்தி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், என் முட்டிவலியும் நன்றாக இருக்கிறது. நீ, அம்மா, அப்பா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே தண்ணீர்த் தொட்டி மேலே ஏறினால்தான் போனில் பேச்சு கேட்கும். உங்கள் வீட்டிலோ இருக்கிற ஒரே போன் உன் அப்பாவின் சட்டைப் பையில் குடியிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

எங்கள் சுகாதார நிலையத்தில் போன வாரம் ஒரு புதுக் காரியம் ஆரம்பித்தோம். பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும், புதன்கிழமை மூன்றிலிருந்து ஐந்து மணி. மாதவிலக்கு, உடம்பு, மனசு, எதைப் பற்றி வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். மேலிடத்திலிருந்து போர்டு அனுப்பினார்கள், படங்கள் அனுப்பினார்கள், ஒரு ரப்பர் சீல்கூட அனுப்பினார்கள். ‘வளரிளம் பருவத்தினர் இனப்பெருக்க நல மையம்’ என்று வாய் வலிக்கிற நீளத்துக்குப் பெயர்.

இன்று இரண்டாவது புதன். மூன்றிலிருந்து ஐந்து வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ வந்தது. அதன் வயது தெரியாததால் பதிவேட்டில் எழுதவில்லை. மாதக் கடைசியில் மேலே கணக்குக் கேட்பார்கள். “ஊர்ல நூத்தி பத்து பொண்ணுங்க இருக்காங்க, ஒண்ணுகூடவா வரல?” என்பார்கள். நான் என்ன செய்ய, வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா வர முடியும்?

ஞாயிறன்று தொட்டி மேல் ஏறி உன் அம்மாவிடம் பேசினேன். நீ ரொம்ப வெளுத்துப் போயிருக்கிறாய் என்றாள். படிப்புப் படிப்பு என்று சாப்பிடாமல் கிடக்கிறாயா? ஒழுங்காகச் சாப்பிடு.

இப்படிக்கு,
சித்தி


ஜூலை 1

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மாவுக்குத் தையல் வேலை அதிகம். அப்பா, தன் மாவு மில்லில் பெல்ட் அறுந்துபோய், இரண்டு நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். இப்போது பெல்ட்டும் சரி, அவரும் சரி.

சித்தி, என் வகுப்பில் ஒரு பெண். அவளுக்கு மாதாமாதம் பதினொன்று, பன்னிரண்டு நாள் நிற்காமல் போகிறது. முதல் ஐந்து நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் போதவில்லை. நாற்காலியில் பட்டுவிடும் என்று அவள் நோட்டைப் போட்டு அதன் மேல் உட்காருகிறாள். போன வாரம் காலையில் வரிசையில் நிற்கும்போது விழுந்துவிட்டாள். வெயில் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மேகமூட்டம்.

இது வியாதியா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தானா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

உங்களிடம் யாரும் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நிலையத்துப் பெஞ்சு பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத்தானே போட்டிருக்கிறது? போன விடுமுறையில் வந்தபோது பார்த்தேன். அதில் உட்காருகிற பெண்ணை ஊரே பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் பார்க்கும். எங்கள் ஊர் நர்ஸம்மா உள்ளே இருந்துகொண்டே “பேரென்ன? அப்பா பேரு? எதுக்கு வந்தே?” என்று கேட்பார். பதிலும் வெளியில் இருந்தே கத்திச் சொல்ல வேண்டும்.

பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்குப் போடுங்கள். நூலக டீச்சர் என் கையிலேயே தருவார்.

அன்புடன்,
வாலு


ஜூலை 6

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். இங்கே எல்லாம் பழையபடி.

உன் தோழியிடம் சொல். எல்லோருக்கும் இப்படி இல்லை. ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். இது அவள் செய்த எந்தத் தப்பாலும் வந்ததில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடவென்று அடிக்கிறதா, மண்ணோ சாக்பீஸோ தின்னத் தோன்றுகிறதா என்று கேள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடனே ரத்தப் பரிசோதனை. இதெல்லாம் மாத்திரையில் கேட்கிற காரியம்தான். தள்ளிப் போட்டால்தான் ஆபத்து.

உங்கள் ஊர் நர்ஸம்மா என்னோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவள். குரல்தான் தகரம், மனசு தங்கம். அவளிடம் போகச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லட்டும்.

பெஞ்சைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய் அந்தப் பெஞ்சில் நானே உட்கார்ந்து பார்த்தேன். பஸ்ஸில் இருந்து டிரைவர் கையைக் காட்டி “என்ன நர்ஸம்மா, உடம்பு சரியில்லையா?” என்றார். பெஞ்சைக் கொல்லைப் பக்கம் மாற்றிவிட்டேன். இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

உடனே பதில் போடு.

சித்தி


ஆகஸ்ட் 14

அன்புள்ள சித்திக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். தேர்வு இருந்தது. நான் நலம். நீங்கள் கேட்டிருந்த மூன்றுக்கும் ஆமாம் என்று அவள் சொன்னாள். சாக்பீஸுக்கும்.

ஆனால் அவள் நர்ஸம்மாவிடம் போகவில்லை. போகவும் மாட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

போன வருஷம் மேலத்தெருப் பெண் ஒருத்தி வெள்ளைப்படுகிறது என்று நர்ஸம்மாவிடம் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். நாலு நாள் கழித்து, சரியாயிற்றா என்று கேட்க நர்ஸம்மா அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளை உடுப்பு, தோளில் பை. வாசலிலேயே நின்று “பொண்ணு எங்க? மாத்திரை முடிச்சிட்டாளா?” என்று கேட்டார். நல்லதுக்குத்தான் வந்தார். ஆனால் எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் பார்த்தது. கல்யாணமாகாத பெண் வீட்டுக்கு நர்ஸ் எதற்கு வருவாள் என்று தெருவே ஒரு கதை கட்டியது. இரண்டே மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் முடித்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவள் ஒரு வகுப்புதான் மூத்தவள்.

அதோடு எங்கள் நர்ஸம்மா வாரம் ஒருமுறை அம்மாவோடு உட்கார்ந்து டீ குடிப்பவர்.

டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகப் போனால் பார்ப்பார்களா? கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார்களா?

வாலு


ஆகஸ்ட் 20

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

நானும் அப்படித்தான் போவேன். மாத்திரை கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் எங்கள் வேலை முறை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு வீட்டையும் விட்டதில்லை என்று எனக்குப் பெருமை வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு பெண் என்னிடம் தனியாக வந்தாள். சின்னப் புண், பயப்பட ஒன்றுமில்லை. நான் சனிக்கிழமையே அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். அவள் அம்மா தண்ணீர் கொடுத்தாள், சிரித்தாள். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்த பார்வை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போய் நான் பார்க்கவில்லை. நான்தான் காரணமா என்று யாரிடம் போய்க் கேட்பது? பாவி நான். இனிமேல் கூப்பிடாத வீட்டுக்குப் போக மாட்டேன். மேலிடத்தில் கேட்டால் கேட்கட்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் தனியாகப் போனால் நூறு கேள்வி கேட்பார்கள். இங்கிருந்து பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் கேள்வி குறையும். செவ்வாய்க்கிழமை பதினாலாம் நம்பர் அறையில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறார். பொறுமைசாலி. ஆனால் சீட்டில் உண்மையான பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் ஏற்ற மாட்டார்கள்.

உன் தோழியின் பெயரும் வயதும் எழுதி அனுப்பு. எந்தப் பெயராக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். திட்டவும் மாட்டேன்.

சித்தி


செப்டம்பர் 2

சித்திக்கு,

பெயர் என் பெயர்தான். வயது பதினாறு.

உங்களுக்கு முதலிலேயே தெரியும் என்று எனக்கும் தெரியும். இந்தத் தடவை பதினான்கு நாள். எழுதினால் கை ஓய்ந்துபோகிறது. அம்மாவிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எட்டாம் தேதியிலிருந்து மாதம் முழுக்கப் பள்ளி விடுமுறை, கட்டட வேலை.

வாலு


செப்டம்பர் 10

என் கண்ணுக்கு,

சீட்டு இதோடு இருக்கிறது. பத்திரம். பள்ளி மூடியிருப்பதால் வேறு வழியில்லாமல் வீட்டுக்கே அனுப்புகிறேன். உன் பெயருக்குத்தான் போடுகிறேன், உன் அப்பா அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற மனிதரில்லை.

இருபத்திநாலாம் தேதி செவ்வாய்க்கிழமை. அம்மாவிடம் புத்தகம் வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று சொல். நான் லீவு போட்டுவிட்டேன், எட்டரைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. மயக்கம் வந்தால் பஸ்ஸில் யாரையாவது கேட்டு உட்கார்ந்துகொள், வெட்கப்படாதே.

ஒன்றும் பயமில்லை. ரத்தம் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன். இத்தனை நாள் நீ தனியாகச் சுமந்தது போதும்.

சித்தி


செப்டம்பர் 27

அன்புள்ள வாலுவுக்கு,

பள்ளி திறந்ததும் நூலக டீச்சர் இதை உன்னிடம் தரட்டும் என்று எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய்?

செவ்வாய்க்கிழமை ஒரு மணி வரை நின்றேன். வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் எட்டிப் பார்த்தேன். பதினாலாம் நம்பர் டாக்டர் கிளம்பும்போது “யாரும்மா வரல?” என்று கேட்டார். என் பிள்ளை என்று வாயில் வந்துவிட்டது.

தொட்டி மேல் ஏறி மூன்று தடவை போன் செய்தேன். இரண்டு தடவை அத்தான் எடுத்து என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரி எழுது.

இந்தப் புதன் எங்கள் நிலையத்துக்கு ஒரு பெண் வந்தாள். தலைவலி மாத்திரை கேட்டாள். கொல்லைப் பெஞ்சில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்று போய்விட்டாள். பெயர் கேட்கவில்லை. அவள் முகத்தில் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி


அக்டோபர் 9

தங்கைக்கு அக்கா எழுதுவது.

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ என்ன செய்தாய் என்று தெரியவில்லையாம், அப்படித்தானே என் பிள்ளைக்கு எழுதியிருக்கிறாய்? டீச்சர் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள், பிள்ளைதான் பள்ளிக்கூடமே போகவில்லையே. தெரிந்துகொள்.

தபால்காரர் உன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வழியில்தானே என்று மில்லில் கொடுத்தார். மாவு அரைக்க நாலு பேர் நிற்கிறார்கள். பழுப்பு உறை. பின்னால் ஒட்டிய இடத்தில் வட்டமாக, நீலமாக, இவ்வளவு பெரிய சீல். ‘இனப்பெருக்க நல மையம்.’ மேலே நம் பெண்ணின் பெயர். தபால்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாராம். “என்ன மாமா, பொண்ணுக்கு அரசாங்கத்துல இருந்து வந்திருக்கு?” என்று ஒருத்தன் சிரித்தானாம். உன் அத்தான் மில்லை நிறுத்திவிட்டு வந்தார். இருபது வருஷத்தில் பகலில் அவர் மில்லை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

வந்து பிரித்தார். சீட்டைப் படித்தார். அடுப்பில் போட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். “உன் தங்கச்சி எம்பொண்ணுக்கு எதுக்கு இதை அனுப்பறா? எத்தனை மாசமா நடக்குது?” என்று. நான் என்ன பதில் சொல்ல? எனக்கே தெரியாதே. பெற்றவளுக்குத் தெரியாமல் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது அவளுக்கு இடம் பார்த்தாயிற்று. அவர் அண்ணன் வழியில் சொந்தம். மார்கழிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்கிறார். கல்யாணமானால் உதிரப்போக்கெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று என் மாமியாரும் சொல்கிறார். எனக்கும் இந்த வயதில் அப்படித்தான் இருந்தது. நான் என்ன செத்தா போனேன்?

நீ நர்ஸாக இரு, ஊருக்கு இரு. என் வீட்டுக்கு வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது எல்லாம் சரி. சீல் என் தப்பு. எங்கள் நிலையத்தில் எந்த உறையை ஒட்டினாலும் பின்னால் சீல் குத்திவிட்டுத்தான் பையில் போடுவேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகச் செய்துவிடுகிறது. மற்றக் கடிதங்களை வீட்டில் ஒட்டினேன்; சீட்டு வைத்த இதை மட்டும் நிலையத்து மேசையிலேயே ஒட்டினேன், கைக்கு அந்தப் புதுச் சீல் எட்டியிருக்கும். குத்தியதுகூட ஞாபகமில்லை, நீ எழுதிய பிறகு வெகுநேரம் யோசித்துத்தான் பிடிபட்டது. பெண் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று மூன்று மாதமாக அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, அவள் தலையிலேயே கல்லைப் போட்டேன். அத்தான் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

ஆனால் அக்கா, என்னைத் திட்டுகிற அவசரத்தில் அவளை விட்டுவிடாதே. இது ஊர் நினைக்கிற விஷயம் இல்லை. அவளுக்கு நிற்காமல் போகிறது. ஏழெட்டு மாதமாகப் போகிறது. வகுப்பில் நோட்டு மேல் உட்கார்ந்திருக்கிறாள். சாக்பீஸ் தின்கிறாள். இப்படியே கல்யாணம் செய்து, அடுத்த மாதமே பிள்ளை தங்கினால், பிரசவத்தில் அவளை நாம் பறிகொடுப்போம். அப்படிப் போன இரண்டு பெண்களுக்கு நான்தான் துணி போர்த்தினேன். உன் பெண்ணுக்கு இப்போது மாப்பிள்ளை வேண்டாம், ரத்தம் வேண்டும்.

என்னை நம்ப வேண்டாம். நீயே பார். அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார். உள்ளே சிவப்பாக இருந்தால் இந்தக் கடிதத்தையும் அடுப்பில் போடு. வெளுத்திருந்தால் செவ்வாய்க்கிழமை, பதினாலாம் நம்பர் அறை. சீட்டு இல்லாவிட்டாலும் தாய் கூட வந்தால் பார்ப்பார்கள். நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்.

சாதா உறை, கடையில் வாங்கியது. பின்னால் ஒன்றும் இல்லை. உன் பெயருக்கே போடுகிறேன்.

உன் தங்கை


நவம்பர் 20

அன்புள்ள சித்திக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? முட்டியோடு தொட்டி மேல் ஏறாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மா தையல் மெஷின் பக்கத்தில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை எடுத்துத் தன் இமையை இழுத்துப் பார்த்தாள். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. இருபத்தொன்பதாம் தேதி காலையில், “கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போறோம், கெளம்பு” என்றாள். அப்பாவும் போய்வாருங்கள் என்றார். பஸ் துணிக்கடைத் தெருவில் நின்றபோது நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்து, “அடுத்த ஸ்டாப்பு” என்றாள்.

சீட்டு இல்லாததால் நாலு மணி நேரம் காத்திருந்தோம். ரத்த அளவு ஐந்தரைதான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு எப்படிம்மா நடந்து வந்தே என்று டாக்டர் கேட்டார். அன்றே படுக்கவைத்து ரத்தம் ஏற்றினார்கள். அம்மா பக்கத்துக் கட்டில்காரர் போனை வாங்கி அப்பாவுக்குப் பேசினாள். “துணி எடுக்கல. பொண்ணை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். கத்தறதுன்னா நேர்ல வந்து கத்துங்க” என்றாள். அப்பா வந்தார். ரத்தப் பையைப் பார்த்ததும் கத்தவில்லை. வராந்தாவில் போய் ரொம்ப நேரம் நின்றார்.

ஹார்மோன் கோளாறாம். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் காட்ட வேண்டும். கர்ப்பத்தடைக்குக் கொடுக்கிற அதே மாத்திரையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அட்டையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். இந்த மாதம் ஐந்து நாளில் நின்றுவிட்டது. ஐந்தே நாள், சித்தி. மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பா எனக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார். இல்லாத வியாதிக்கு நான் பத்தியம் வேறு இருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறேன்.

இதற்கெல்லாம் சரி என்று சொல்ல அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். உங்களோடு எழுத்து, பேச்சு, போக்குவரத்து எதுவும் இருக்கக் கூடாது. அம்மாவுக்கும் சேர்த்துத்தான். மில்லில் நாலு பேர் சிரித்தது அவருக்கு இன்னும் காதில் கேட்கிறதாம். அம்மா வாதாடிப் பார்த்தாள். நான்தான் சரி என்று சொன்னேன். ஆஸ்பத்திரியா சித்தியா என்று கேட்டால் ஆஸ்பத்திரி என்று சொல் என்றுதான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்லிவிட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவும் அழுதாள்.

நாளையிலிருந்து என்று சொல்லியிருக்கிறேன். அதனால் இன்று எழுதுகிறேன். இதற்குப் பதில் போடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரிப் பக்கம் வராதீர்கள் சித்தி. அப்பா கூட வருவார். உங்களைப் பார்த்தால் நான் ஓடி வந்து பேசிவிடுவேன். பேசினால் மாத்திரை நின்றுவிடும்.

உங்கள்,
வாலு